கொழும்புக்கும் அதை அண்டிய பகுதிகளுக்கும்

எங்கள் வீட்டுக்குள் ஒரு மின்சாரச் சாமான் நுழைய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தாக வேண்டும். சண்டையில்லாமல் வந்த சாமான் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சண்டைகளைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது.

சண்டை பிடிக்கிற இரண்டு பேரில் ஒருத்தி நான். மற்றவர் இவர், என் கணவர். மூன்றாவது ஆள் என் உம்மா. அவர் தீர்ப்புச் சொல்கிறவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார், பெற்றவர்களும் அதே வீட்டில் ஓர் அறையில் இருந்துகொள்வார்கள். வாப்பா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு உம்மா சாய்ந்தமருதில் என் வீட்டு முன்னறையில் இருந்தார். ஆகையால் இவர் வாங்கி வந்த ஒவ்வொரு சாமானும் மாமியாரின் கண்ணுக்கு முன்னால்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. பாவம் மனிதர்.

இவருடைய கொள்கை பாரம். கல்முனை பஸாரில் எந்தக் கடைக்குப் போனாலும் பெயரைப் பார்க்கமாட்டார், ஊரைப் பார்க்கமாட்டார். சாமானைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். அயன் பொக்ஸ் என்றாலும் அப்படித்தான், மிக்ஸி என்றாலும் அப்படித்தான். பாரமாக இருந்தால் நல்ல சாமான், பாரமில்லாவிட்டால் தகரம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் வாங்கினாலும் நிறுத்துத்தான் வாங்குவார். கந்தோரில் இத்தனை வருடம் வேலை பார்த்த மனிதருக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஒருமுறை அப்படி நிறுத்து ஒரு பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் அணைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. மூன்று நோன்புப் பெருநாள்கூடக் காணவில்லை, வாயை மூடிக்கொண்டது. திருத்துகிறவர் பின்பக்கத்தைக் கழற்றியபோது உள்ளே அடியில் ஒரு சீமெந்துக் கட்டி ஒட்டியிருந்தது. பாரத்துக்காகவே வைத்தது. நான் சிரிக்கவில்லை, எனக்கு ஆத்திரம். உம்மாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மருமகன் கல்லு வாங்கியிரிக்காரு. பாட்டுச் சும்மா குடுத்திரிக்கான்" என்றார்.

என் கொள்கை வேறு. பழுதானால் நம்முடைய ஊரிலேயே திருத்த ஆள் வேண்டும், மாற்றிப் போட உதிரிப்பாகம் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் கடல். உப்புக் காற்றுக்குச் சொந்தம் பந்தம் தெரியாது. பிரிட்ஜின் பின்பக்கம் துருப்பிடிக்கும், டீவியின் ஆணிகள் பச்சை பூக்கும், பேன் ஒரு வருடத்தில் கிழவனைப்போல இருமத் தொடங்கும். கடைக்காரர் தருகிற வாரண்டிக் கடதாசியில் உப்புக் காற்றைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. கடை கொழும்பிலிருந்தால் அவருக்கென்ன. இதை நான் சொன்னால் இவர் பாரமான சாமானை உப்பு ஒன்றும் செய்யாது என்பார். பிறகு சண்டை தொடங்கும்.

உம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே மறுப்பார். அவருக்குச் சாமான் என்றால் ரேடியோ. வாப்பா கலியாணம் முடித்த புதிதில் வாங்கிய ஜப்பான் ரேடியோ, தோல் உறை போட்டது. எங்கள் வீட்டில் அதுதான் மூத்த பிள்ளை, எனக்கு மூத்தவரான காக்காவும் நானும் அதற்குப் பிறகுதான். நோன்பு மாதம் பிறந்தால் அது அடுப்படிக்குக் குடிவந்துவிடும். விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழும்பியதும் உம்மா அடுப்பைப் பற்றவைக்க முன்னம் ரேடியோவைத் திருகுவார். அதில் வருகிற பைத்துப் பாட்டுச் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். சோற்றில் தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து, பாதித் தூக்கத்தில் இருக்கிற எங்கள் வாயில் உம்மா மாறிமாறி ஊட்டுவார். அந்தச் சோற்றின் ருசி இப்போது எத்தனை தயிர் ஊற்றினாலும் வருகுதில்லை.

பிறகு ரேடியோவில் சஹர் முடியும் நேரம் சொல்வார்கள், 'கொழும்புக்கும் அதை அண்டிய பகுதிகளுக்கும்' என்று. அந்த வார்த்தை வந்தால் உம்மாவுக்குச் சிரிப்பு. "கொழும்பான் வாய் கழுவுறத்துக்குள்ள நமக்கு விடிஞ்சிரும்" என்பார். சூரியன் முதலில் எங்கள் கடலில்தான் எழும்புகிறது. கொழும்பில் விடிந்து சுபஹுத் தொழுகைக்கு நேரம் ஆகிறதற்குச் சில நிமிடங்கள் முந்தியே எங்களுக்கு ஆகிவிடும். நோன்பு திறக்கிறதும் அப்படி முந்தித்தான். கிழக்குக் கரையில் பிறந்த பிள்ளைக்கு இது அலிஃப், பே படிக்க முன்னமே தெரியும். ரேடியோவைக் கேட்கவும் வேண்டும், அப்படியே நம்பவும் கூடாது. அது நேரம் சொல்லுமுன்னமே உம்மா எங்களை வாய் கொப்புளிக்கச் சொல்லித் துரத்திவிடுவார்.

கடல் வந்த அன்று அந்த ரேடியோவும் போனது. மனிதர்களே போன இடத்தில் ரேடியோ எந்த மூலைக்கு. மனிதர்களுக்காக அழுது முடித்து நெடுநாள் கழித்து, நாங்கள் கூடாரத்தில் இருந்த காலத்தில், உம்மா ஒருநாள் "அந்த ரேடியோ..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

அதற்குப் பிறகு வந்த ரேடியோக்கள் ஒன்றும் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. உம்மாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியிருந்தது. கறிக்கு உப்புக் காணாது என்றால் "ஆரக் காணோம்?" என்று வாசலைப் பார்ப்பார். முதலில் சிரித்தோம், பிறகு கத்தப் பழகினோம். பள்ளிவாசல் பாங்கு அவருடைய காதுக்கு எட்டாமல் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. சந்திக்குச் சந்தி பள்ளிவாசல் இருக்கிற ஊரில், ஒலிபெருக்கியில் ஐந்து நேரமும் சொல்கிற பாங்கு கேட்காத ஒரு ஆளாக என் உம்மா இருந்தார்.

காக்கா கட்டாரிலிருந்து வந்தபோது காதுக்கு மாட்டுகிற சாமான் ஒன்று கொண்டுவந்தார். சின்னது, பவுண் நகை வைக்கிற பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் இருந்தது. இவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் பாரமே இல்லை, இது சரிவராது என்று அப்போதே சொன்னார். மாட்டினால் கீ என்று ஊளையிட்டது. உம்மா இரண்டு நாள் பொறுத்தார். பிறகு, காதுக்குள்ள ஆரோ சுடுதண்ணிக் கேத்தில் வெச்சிரிக்கான் என்று கழற்றிக் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். அது சரிவராது என்று சொன்னது இவர் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படியிருக்க ஒரு வருடம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னம் உம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது. நோன்பு மாதம் முழுவதும் ஆஸ்பத்திரியும் கட்டிலுமாகக் கழிந்தது. ஒரு மாதத்து நோன்பை முழுதாக விட்டது உம்மாவின் ஹயாத்தில் அதுதான் முதல் தடவை. உடம்பு தேறி, டொக்டரும் இனிப் பிடிக்கலாம் என்று சொன்ன பிறகு, உம்மா அந்த மாதத்தை முழுதாகத் திருப்பிப் பிடிக்கத் தொடங்கினார். கழா நோன்பு. அடுத்த நோன்பு பிறக்க முன்னம் முடிய வேண்டும், அதைவிட முக்கியம், மவுத்துக்கு முன்னம் முடிய வேண்டும். இந்த வயதில் என்னத்துக்கு, ஏழைக்கு அரிசி கொடுத்துக் கழிக்கலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அரிசி குடுத்துக் கழிக்க நான் என்ன படுக்கையிலயா கிடக்கன் என்று உம்மா கேட்டார். தொழுத பாயிலிருந்து அதற்காகவே துஆக் கேட்பார். மெதுவாகக் கேட்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. இந்தக் கடனை முடிக்காமல் என்னை எடுத்துவிடாதே ரப்பே என்று உம்மா அழுவது தெருவுக்கே கேட்கும்.

ஆனால் சஹருக்கு ஒருவரையும் எழும்ப விடமாட்டார். என்னுடைய கடனுக்கு நீங்கள் ஏன் முழிக்க வேண்டும் என்பார். தானே எழும்பி, தானே சாப்பிட்டு, தானே முடிக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு சாமான் தேவைப்பட்டது. கண்ணும் அவ்வளவாகத் தெரியாத, காதும் கேளாத ஒரு பெண்ணுக்குச் சுபஹுப் பாங்கைக் கேட்க வைக்கிற சாமான்.

நான் என் போனைக் காட்டினேன். அதில் ஊர் பேர் எல்லாம் போட்டுப் பாங்கு வைக்கலாம். உம்மா அதைத் தொடவில்லை. ஊருலகத்துப் பொய்யெல்லாம் கதைக்கிற வாயாலேயே பாங்கும் சொல்லுமா என்று கேட்டார். பஸாரில் ஒரு பாங்கு மணிக்கூடு வாங்கிப் பார்த்தோம். மினாரா வைத்த பிளாஸ்டிக், காற்றடித்தால் விழும். இவர் கையில் வைக்கவே மறுத்தார், நான்தான் வம்புக்கு வாங்கினேன். கிணற்றுக்குள் நின்று கத்துகிற மாதிரி ஒரு குரல் வந்தது. உம்மா காதை ஒட்டிவைத்துக் கேட்டுவிட்டு, பாங்கு சொல்கிற இந்த மோதினாருக்கு மூக்கடைத்துத் தடிமன் என்று திருப்பித் தந்தார். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த சண்டையை நான் எழுதப்போவதில்லை.

பிறகுதான் அது வந்தது. இவருடைய மூத்த சகோதரி, ராத்தா, உம்ராவுக்குப் போய்வரும்போது மக்கத்திலிருந்து ஒரு மணிக்கூடு கொண்டுவந்தார். கறுப்பும் பொன்னுமாக, மேசையில் வைக்கிறது. பற்றரியில் வேலை செய்யும், ஆகையால் கரண்ட் போனாலும் பயமில்லை. இலக்கங்கள் பெரிய பெரியதாகச் சிவப்பில் தெரியும். பாங்கு சொன்னால் சுவர் அதிரும். உம்மா கேட்டார். தன் காதால், ஒருவரும் கத்தாமல், பாங்கை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

இவர் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். "பாரம்" என்றார். அவ்வளவுதான். தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அதுவும் மக்கத்து மாடு. நானும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர் அதோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து நேரத்தைப் போட்டு, ஊரைப் போட்டு, உம்மாவின் கட்டிலடியில் வைத்தார். எங்கள் வீட்டில் சண்டையில்லாமல் நுழைந்த ஒரே சாமான் அதுதான்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனது குளிரும். உம்மா திங்களும் வியாழனும் நோன்பு, உடம்பு இடம் கொடுத்தால் இடையிலும் ஒன்று. மணிக்கூடு அவரோடு அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தது. அதற்கு ஒரு துணித் தொப்பியும் தைத்துப் போட்டார், உப்புக் காற்றுக்காம். பகலில் பள்ளிவாசல்கள் எல்லாம் பாங்கு சொல்லி ஓய்ந்த பிறகுதான் மணிக்கூடு சொல்லும். அதை நாங்கள் ஒருவரும் கவனித்துப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் எப்போதும் ஒரு பள்ளி தொடங்கி மற்றப் பள்ளி முடிக்கும், ஒன்றுக்கொன்று முந்திப்பிந்தித்தான். உம்மாவின் மணிக்கூட்டை ஊரின் கடைசிப் பள்ளி என்று இவர் பகிடி பண்ணுவார். நோன்பு திறக்கிற நேரம் நாங்கள் எல்லோரும் ஆகிவிட்டது, ஆகிவிட்டது என்று சைகை காட்டினாலும் உம்மா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் மோதினார் சொல்லும் வரைக்கும் இருப்பார். என்ன பொறுமை என்று நாங்கள் மெச்சினோம்.

கழா முடிய இன்னும் கொஞ்சம்தான் கிடந்தது. ஒரு வியாழன் விடியுமுன்னம் பார்த்து எனக்குப் பல்வலி. படுக்க முடியாமல் கராம்பு எடுக்க அடுப்படிக்குப் போனேன். உம்மா லைட்டைப் போட்டுக்கொண்டு பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணிக்கூடு எதிரே, விருந்தாளியைப் போல. அவர் என்னைக் காணவில்லை. அப்போது பெரிய பள்ளியில் பாங்கு தொடங்கியது. பிறகு கடற்கரைப் பள்ளி. பிறகு மற்றது. ஊர் முழுக்கச் சுபஹுப் பாங்கு கேட்கிறது, என் உம்மா நிம்மதியாக ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தயிர்ச் சோற்றில் பிசைகிறார். இரண்டு வாய், மூன்று வாய். நான் வாசலில் கல்லாய்ச் சமைந்து நின்றேன். சாப்பிட்டு முடித்துத் தண்ணீரும் குடித்து, கோப்பையை வைத்துவிட்டு உம்மா மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகுதான் அது பாங்கு சொன்னது. உம்மா வாய் கொப்புளித்து நோன்புக்கு நிய்யத்து வைத்தார்.

இவரை எழுப்பினேன். நான் எழுப்பிய விதத்தைப் பற்றி இவர் இன்றைக்கும் குறை சொல்வார். சின்னப் புத்தகத்தைத் தேடியெடுத்து விரித்துப் பார்த்தோம். இலங்கை என்ற பெயருக்குக் கீழே கொழும்பு இருந்தது. கல்முனையும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை. முழு நாட்டுக்கும் மணி ஒன்றுதானே என்று இவர் கொழும்பைப் போட்டிருக்கிறார்.

"மணி ஒண்டுதான். விடியிறதும் ஒண்டா?" என்று கேட்டேன்.

கொழும்பு நேரத்தைக் கேட்டு வாழ்நாள் முழுக்கச் சிரித்த பெண் என் உம்மா. ரேடியோ சொன்னால் நம்பாதவர். கொழும்பிலிருந்து வந்த மணிக்கூடாக இருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார். மக்கத்திலிருந்து வந்தது கொழும்பு நேரம் சொல்லும் என்று யாருக்குத் தோன்றும்? எங்களைத் தவிர வேறு எந்த ஊர்க்காரரும் இப்படி ஏமாற முடியாது.

இவர் சொல்ல வேண்டாம் என்றார். தெரியாமல் செய்ததற்கு அல்லாஹ் பிடிப்பானா, முடிக்கப் போகிற நேரத்தில் அந்த மனதை உடைக்காதே என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவருக்கு போன் எடுத்து, யாரோ ஒருவரின் உம்மா என்று சொல்லிக் கேட்டேன். விடிந்த பிறகு சாப்பிட்டது நிச்சயமாகத் தெரிந்த நாள்களைத் திரும்பப் பிடிக்க வேண்டும், சந்தேகத்துக்காக மற்றதைப் பிடிக்கத் தேவையில்லை என்றார். பிறகு, உங்கட உம்மாக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க என்றார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது நான் கண்ட அந்த ஒரு நாள். அந்த ஒன்றை மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பிடிக்க வைத்துவிடலாம். உம்மா ஆறுதலாக முடிப்பார். இரண்டு நாள் அந்த யோசனையோடேயே சமைத்தேன், கறியெல்லாம் கருகியது. ஆனால் அது உம்மாவுடைய நோன்பு. அல்லாஹ்வுக்கும் அவருக்கும் நடுவில் கிடக்கிற ஒன்றை மறைத்து வைக்க நான் யார்?

சொல்லப் போனேன். அங்கேயும் ஒரு சோதனை. காதோடு காதாகச் சொல்ல வேண்டிய கதையைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். யன்னலையெல்லாம் சாத்தினேன். உம்மாவின் பக்கத்தில் இருந்து, "உம்மா, மணிக்கூடு கொழும்பு நேரம்" என்றேன்.

"ஆரு கொழும்புக்குப் போற?"

இன்னொரு தரம் கத்தினேன். கத்தக் கத்த அழுகையும் வந்துவிட்டது. மூன்றாம் தரம் உம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடுவார் என்று பயம். உம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மக்கத்துக்குப் போயும் கொழும்பானாத்தான் வந்திரிக்கான்" என்று சிரித்தார்.

சிரித்து முடிந்த பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பிடிக்கப்போகிறேன் என்றார். மௌலவி சொன்னதைச் சொன்னேன். நிச்சயமாகத் தெரிந்தது மட்டும் போதும் என்று காதுக்குள் கத்தினேன். சந்தேகத்தோட என்னைய அங்க அனுப்பப் போறியா என்று கேட்டார். இந்த உடம்போடு முடியுமா, இதெல்லாம் எப்ப முடிகிறது என்று நான் விடாமல் அழுதேன். உம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். வயது போன பெண் நான், ஆனாலும் சாய்ந்தேன்.

"முடிஞ்சிரிந்தா நான் என்னத்துக்கு இரிக்க, மகள்? கடன் கிடக்கிறாக்களுக்குத்தான் தவணை. இன்னும் கொஞ்சம் தவணை தந்திரிக்கான்."

இவர் மணிக்கூட்டை எங்கள் ஊர் நேரத்துக்குக் கொண்டுவர ஒரு முழுப் பகல் அதோடு மல்லுக்கட்டினார். கொண்டுவந்தும் விட்டார். ஆனால் உம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறை என்னைச் சஹருக்கு எழும்ப விட்டார். நான் உம்மாவின் பக்கத்தில் இருப்பேன், பெரிய பள்ளியின் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி அவர் மணிக்கட்டில் தட்டுவேன், உம்மா கையைக் கழுவிவிடுவார். அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். உலகத்தில் எனக்கு அதைவிட நல்ல காலம் வந்ததில்லை.

உம்மா நிறையக் கதைத்தார். பகலில் கதைக்காததெல்லாம் கதைத்தார். வாப்பா தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரேடியோவை வாங்கி வந்ததற்காகக் கலியாண வீட்டுப் பலகாரம் முடிய முன்னமே சண்டை பிடித்ததாகச் சொன்னார். சண்டை எங்களுக்குப் பரம்பரைச் சொத்து என்று அப்போதுதான் தெரிந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்த நோன்பில் முதல் பல் விழுந்தது என்றுகூட நினைவு வைத்திருந்தார். நான் பதில் சொன்னால் கேட்காது, ஆகையால் தலையை மட்டும் ஆட்டுவேன். என்னைப்போல வாயாடி ஒருத்தி இப்படி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது என் சீவியத்தில் அந்தச் சஹர்களில் மட்டும்தான்.

இடையில் நோன்பு மாதம் வந்தது, அதை முழுதாகப் பிடித்தார். பெருநாள் கழித்து மிச்சத்தைத் தொடங்கினார். மாரி மழை பிடித்த பிறகு உம்மாவுக்கு நெஞ்சுச் சளி வந்தது, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாயோடு, பேச முடியாமல், மிச்சம் கிடக்கிற நோன்பை விரல் மடித்து எனக்குக் காட்டினார். ஓம் உம்மா என்று தலையாட்டினேன். நான் சரியாக எண்ணினேனா என்று தெரியாமல் இன்னொரு தரம் காட்டினார். அடுத்த நாள் உம்மா மவுத்தாகிவிட்டார்.

நாங்கள் பின்பற்றுகிற மார்க்க வழியில், மவுத்தானவருக்குக் கிடக்கிற நோன்பை அவருடைய உரிமைக்காரர் பிடித்துக் கொடுக்கலாம். காக்கா கட்டாரிலிருந்து போன் எடுத்து அழுதார். ஆளுக்குப் பாதியாகப் பிடிப்போம் என்றார். ஏலாது என்றேன். கத்தினேன். மூத்த மகன் என்ற உரிமையில் கேட்டார், பாவம், நான் விட்டுக்கொடுக்கவில்லை. விரல் மடித்துக் காட்டியது எனக்கு.

திங்களும் வியாழனுமாகப் பிடித்தேன். சஹருக்கு எழும்பி அதே அடுப்படியில் அதே பலகையில் இருந்து சாப்பிட்டேன். இவரும் சிலவேளை எழும்பி வந்து பக்கத்தில் இருப்பார். என்னோடு ஒன்றுக்கும் சண்டைக்கு வரவில்லை, அது வேறு எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இன்னும் ஒரே ஒரு நோன்பு மிச்சம் கிடக்கிறது. அதை நான் பிடிக்கவில்லை. வருகிற வியாழன், வருகிற திங்கள் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். ஒருநாள் தலையிடி என்றேன், ஒருநாள் விருந்தாளி என்றேன். கடன் புள்ள, தள்ளாத என்று இவர் போன கிழமையும் மெதுவாகச் சொன்னார். இவர் சொல்வது சரி, இந்தத் தரம் எதிர்க்கதை கதைக்க எனக்கு வாயில்லை. பிடிக்கத்தான் போகிறேன். ஆனால் அந்த ஒன்றையும் பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு உம்மாவுக்கு என்னிடம் ஒரு தேவையும் இருக்காது.